ஆறு வாரக் கோதுமை

செப்டம்பர் 8, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். புகையா மழையா தெரியவில்லை. துணியெல்லாம் வீட்டுக்குள்ளேயே.

இதை நான் எழுதவில்லை, சொல்கிறேன். எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். மகள் மகேஸ்வரி தன் பழைய ஃபோனைக் கொடுத்தாள். "இந்த மைக்க அமுக்கிட்டுப் பேசுங்கப்பா, அதுவே எழுதிக்கும். நான் பாக்க மாட்டேன், சத்தியமா." வீட்டுப் பேச்சுப் பேசினால் கண்டபடி எழுதுகிறதாம். வானொலிச் செய்தி மாதிரி பேச வேண்டும். நாற்பது வருடம் செய்தி கேட்டது இதற்காவது ஆகட்டும். சொன்னதை அழிக்கும் வழி மட்டும் தெரியாது.

ஏன் இந்த வேலை என்றால், எந்தக் கிளினிக்கிலும் வாயால் சொன்னால் எடுத்துக்கொள்வதில்லை. ரெக்கார்ட் கேட்கிறார்கள். அவளுக்கு எந்த வயதில் எந்த நோவு என்று எல்லாம் என் தலைக்குள் இருக்கிறது. தலையை எப்படி நீட்டுவது.

உப்புமா முதல் வாரம் முடிந்தது. பாக்கி ஐந்து.

புது டாக்டர் சொன்ன பெயர் சீலியாக். கோதுமையோ பார்லியோ உள்ளே போனால் உடம்பே தன் குடலைப் புண்ணாக்கிக்கொள்ளுமாம். ரத்தத்தில் காட்டிவிட்டது. வாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்த்தால்தான் உறுதி. அதற்கு அக்டோபர் நடுவில் தேதி. அதுவரை தினமும் கோதுமை சாப்பிட்டே ஆக வேண்டும். நிறுத்தினால் குடல் ஆறிவிடும், குழாய்க்கு ஒன்றும் தெரியாது. போன மாதம் அவளாகவே ரொட்டியைக் குறைத்து, கொஞ்சம் தேறியிருந்தாள். இப்போது மறுபடி.

பேக்கரி ரொட்டி வாய்ப்புண்ணில் குத்துகிறது. அதனால் ரவை உப்புமா. ரவையும் கோதுமைதான். கிண்டுவது நான்.

முழங்கை இரண்டிலும் கொப்புளம், அரிப்பு. பழைய தவாச் சூடு. ரொட்டிக் கடை வேலையை விட்டுப் பதினொரு வருடம் ஆகியும் இறங்கவில்லை.

செப்டம்பர் 10, புதன்

மழை. மகேஸ் இன்று எம்சி, மருத்துவ விடுப்பு. பாயில் சுருண்டு கிடக்கிறாள். வயிறு வீங்கி, ஒரு மாதிரி. எந்த மாதிரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஐந்து முறை கழிவறை. தலைவலி. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். முப்பத்தாறு வயது.

அடுத்த வீட்டுப் பார்வதி கஞ்சி கொண்டுவந்தது. நல்ல மனசு, வாய்தான்.

"ஏண்டி மகேசு, ரொட்டி சாப்புட்டா வியாதியா? அந்த ரொட்டியப் போட்டுத்தானே ஒங்கப்பா ஒன்ன வளத்தாரு!"

"அக்கா, டாக்டரு சொன்னது அது."

"டாக்டருக்கு என்னா, ஆயிரம் சொல்லுவாங்க. ஒனக்கு வயித்துல இல்லடி, மனசுல. பேசாம எங்கயாச்சும் டூர் போயிட்டு வா லா."

மகேஸ் போர்வையை இழுத்துக்கொண்டாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பார்வதி சொன்னதில் ஒன்று நிஜம். தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டி முதுகு போன பிறகு, டவுனில் சாகுல் பாய் கடையில் ரொட்டி சானாய், அதாவது வீச்சுப் பரோட்டா, போட்டேன். இருபத்திரண்டு வருடம். தினமும் வீட்டுக்கு இரண்டு ரொட்டி. பிள்ளை வாசலில் நின்று என் சைக்கிள் சத்தம் கேட்பாள்.

செப்டம்பர் 11, வியாழன்

வெயில். துணி காய்ந்தது.

தலையில் இருப்பதை ஒருமுறை சொல்லி வைக்கிறேன்.

தோட்டத்து லய வீட்டில் இருந்தவரை கொழுகொழு. நான் கடைக்குப் போன வருடம், மூன்று வயதில், வயிறு முன்னால் தள்ளியது, கைகால் குச்சி. பூச்சி மருந்து கொடுத்தார்கள், மாதாமாதம். ஒன்பதில் பல்லில் வெள்ளைத் திட்டு. பள்ளிக்கு வந்த பல் டாக்டர் மிட்டாய் அதிகம் என்று திட்டினார். மிட்டாய் வாங்க எங்கே வழி. பன்னிரண்டில் வாய்ப்புண். உடம்புச் சூடு என்றார்கள், இளநீர் இளநீராக வெட்டினேன். பதினேழில் சபாக் ஊரில் ஒரு கல்யாணப் பந்தியில் மயங்கி விழுந்தாள். ரத்தம் இல்லை. இரும்பு மாத்திரை, இன்று வரை.

இருபத்தாறு. இருபத்தெட்டு. இரண்டும் தங்கவில்லை. அதற்கு யாரும் மருந்துகூடக் கொடுக்கவில்லை. ராசி இல்லாதவள் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டில். ஜொகூருக்கு வேலைக்குப் போன மாப்பிள்ளை போனவர்தான்.

முப்பத்து மூன்றில் குளியலறையில் வழுக்கி மணிக்கட்டு முறிந்தது. "கிழவி எலும்பு" என்றார் அந்த டாக்டர், சிரித்துக்கொண்டு. கால் விரல் மரத்துப்போவது எப்போதிலிருந்து? முப்பதிலிருந்து. அசதி? அசதி இல்லாத மகேசை நான் பார்த்ததில்லை. சில மாதம் பேதி, சில மாதம் மலச்சிக்கல். அதனால் வயிற்று நோய் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

பல்லுக்கு ஒருவர், ரத்தத்துக்கு ஒருவர், எலும்புக்கு ஒருவர். ஏழு இடத்தில் ஏழு நோய் சொன்னார்கள். ஏழும் ஒன்றாக இருக்குமோ என்று கேட்டது இந்தக் கிள்ளான் டாக்டர் ஒருவர்தான். யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண். "அவசரம் இல்லை அப்பா, முதல்ல இருந்து சொல்லுங்கோ" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்தக் காலத்தில் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஐயாவும் யாழ்ப்பாணத்துக்காரர்தான், அவர் வீட்டு வாசலில் எனக்கு நிற்க இடமில்லை. நான் வயது வயதாகச் சொல்லச் சொல்ல, அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

செப்டம்பர் 13, சனி

தூறல்.

காலை ஆறு மணி. மகேசுக்கு அரை நாள் வேலை. எண்ணெய் மில்லில் லோரி எடை போடும் இடத்தில் கிளார்க். தட்டை முன்னால் வைத்துக்கொண்டு கரண்டி கரண்டியாகச் சாப்பிட்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு இறங்குகிறது. துடைக்கவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

வாய்விட்டு அழுதிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

மத்தியானம் அரிசியைக் கழுவி, காயவைத்து, மிக்சியில் உடைத்தேன். ரவை அளவுக்குச் சலித்தேன். டின்னில் இருந்த ரவையைக் கோழிக்குப் போட்டேன். அரிசியை டின்னில் கொட்டினேன். நெய் கூட ஒரு கரண்டி விட்டு, காரட் துருவிப் போட்டால் கண்டுபிடிக்க முடியாது. வாய்ப்புண்ணில் அவளுக்கு ருசி எங்கே தெரிகிறது.

ஒரு வாரம் மட்டும். கொஞ்சம் ஆறட்டும். பிறகு ரவை.

செப்டம்பர் 19, வெள்ளி

நல்ல காற்று, கடல் பக்கமிருந்து.

ஒரு வாரம் ஆகப்போகிறது. வேலை விட்டு வந்து மகேஸ் படுக்கவில்லை. செருப்பைக் கழுவினாள். காரையும் கழுவினாள். "உப்புமா பழகிருச்சுபோலப்பா" என்றாள். "ம்" என்றேன்.

டவுனுக்குப் போனேன். சாகுல் பாய் கல்லாவிலிருந்தே கூப்பிட்டார். "வாங்க ரொட்டியண்ணே! பொண்ணுக்கு ரொட்டி ஆகாதாமே, நாளைக்கு என் கடைய மூடச் சொல்லுவீங்களா?" அவர் தமாஷ்காரர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு ரொட்டி சாப்பிட்டேன். வரும் வழியெல்லாம் முழங்கை அரிப்பு.

ரவை வாங்க வேண்டும். வாங்கவில்லை.

செப்டம்பர் 24, புதன்

வெயில்.

இன்னும் அரிசிதான். கை போகவில்லை.

வாய்ப்புண் ஆறிவிட்டது. வயிறு வற்றிவிட்டது. நேற்று மீன் குழம்புக்கு இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள். சந்தோஷப்பட வேண்டியவன் நான்.

சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்வதி. "பாத்தியா, நான் சொல்லல? ரவ உப்புமாவா சாப்புட்டுக்கிட்டே நல்லாத்தானே இருக்க. எல்லாம் மனசுடி."

மகேஸ் சிரித்துவிட்டு உள்ளே வந்தாள். பாத்திரம் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல்,

"அப்பா, தெனமும் கோதுமதானே சாப்புடுறேன். ஒண்ணும் ஆகலையே. அப்ப அந்த நோய் இல்லையா?"

"ரத்தத்துல காட்டுச்சே."

"ரத்தம் தப்பாவும் காட்டுமாம். அப்ப இத்தன வருசமும் நான் நடிச்சேனாப்பா? அந்த ரெண்டு புள்ளைங்களும் என் மனசாலதான் போச்சா?"

தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணி, குழாய் வேணாம்னு சொல்லிரலாம்னு இருக்கேன்."

செப்டம்பர் 25, வியாழன்

வானிலை பார்க்கவில்லை.

காலை. உப்புமா கிண்டவில்லை. அவள் வந்து உட்கார்ந்ததும் ரவை டின்னை எடுத்து மேசையில் கவிழ்த்தேன்.

"என்னாப்பா இது?"

"தொட்டுப் பாரு."

விரலில் தொட்டாள். நாக்கில் வைத்தாள். மென்றாள். பல்லில் கடிபட்டிருக்கும்.

"இது அரிசி."

"ஆமாம்மா."

"எத்தன நாளா?"

"இன்னிக்கோட பன்னெண்டு."

சிதறிய அரிசியை விரலால் கூட்டிச் சேர்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினாள்.

"முப்பது வருசமா எல்லாரும் எனக்கு ஒண்ணுமில்லன்னாங்க. அப்படிச் சொல்லாதவரு நீங்க ஒருத்தர்தான். நீங்களே என்னப் பொய்யாக்கிட்டீங்களேப்பா."

சாப்பிடாமல் வேலைக்குப் போய்விட்டாள். குழாய் வேண்டாம் என்று ஃபோன் செய்யவில்லை. டாக்டரைப் பார்க்க நேரம் கேட்டு ஃபோன் செய்தாளாம், திங்கள் வரச் சொல்லியிருக்கிறார்கள். இதைப் பார்வதியிடம்தான் சொன்னாள். எனக்குப் பார்வதி சொன்னது.

அரிசியையும் கோழிக்குப் போட்டேன்.

செப்டம்பர் 29, திங்கள்

கிள்ளான் போய் வந்தோம். போகும்போது காரில் ஒரு பேச்சும் இல்லை. லோரிகள். மழை, நின்றது, மறுபடி மழை.

டாக்டரிடம் நானே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. களைப்பாகத் தெரிந்தார், வெளியே அவ்வளவு கூட்டம்.

"நீங்க செய்தது பிழை அப்பா. பழைய தேதி இனி உதவாது. இண்டைக்குத் தொடங்கித் திரும்ப ஆறு கிழமை."

தலையாட்டினேன். மகேசுக்கு முகம் செத்துப்போனது.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "ஆனா ஒண்டு யோசிச்சுப் பாருங்கோ. அரிசி எண்டு உங்களுக்குத் தெரியாது. கோதுமை எண்டு நினைச்சுத்தான் சாப்பிட்டீங்க. அப்படியும் வயிறு ஆறினது. மனசு எண்டால், மனசுக்கு எப்படித் தெரியும் டின்னுக்குள்ள என்ன இருக்கு எண்டு?"

மகேஸ் நிமிர்ந்து டாக்டரைப் பார்த்தாள். கைப்பையின் வாரைப் பிடித்திருந்த கை தளர்ந்தது.

"இது போதாது, குழாய் பாத்துத்தான் ஆகவேணும்" என்றார் டாக்டர். பிறகு என்னைப் பார்த்தார். நான் முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தேன். சட்டையை மடிக்கச் சொன்னார். விளக்கைக் கிட்டே இழுத்தார். முழங்காலையும் காட்டச் சொன்னார்.

"இது எவ்வளவு காலமா?"

"ரொட்டிக் கடையிலேருந்து. தவாச் சூடும்மா."

"வயித்தில ஏதாவது?"

"கல்லத் தின்னாலும் செரிக்கும்."

"சில பேருக்கு வயித்தில ஒண்டும் தெரியாது. தோல்ல மட்டும் வரும். அதே நோய்தான். குடும்பத்தில ஒருத்தருக்கு இருந்தா மத்தவங்களையும் பாக்கவேணும்."

ரத்தம் எடுத்தார்கள். தோல் டாக்டருக்கும் சீட்டு. தோலில் துளி எடுத்துப் பார்க்கும் வரை நானும் கோதுமையை நிறுத்தக் கூடாது.

என்னிடமிருந்து போயிருக்குமா? ரொட்டி மட்டும்தான் நான் கொடுத்தேன் என்று நினைத்திருந்தேன்.

திரும்பும் வழியில் ஜெராம் ஊர். மீன்கடைகள் தாண்டியதும் மகேஸ் பேசினாள். ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

"நாளைக்கு உப்புமா வேணாம்."

"பின்ன?"

"ரொட்டி போடுங்க. இன்னும் ஆறு வாரந்தான். அதுக்கப்பறம் உங்க ரொட்டிய சாகற வரைக்கும் தொட முடியாது. அத உப்புமாவுலயா வீணாக்குறது?"

கோதுமை மாவு வாங்கிக்கொண்டு வந்தோம். வீட்டில் மாவு பிசைந்து, உருண்டை பிடித்து, எண்ணெயில் ஊறப்போட்டேன். மணிக்கட்டு வலி.

செப்டம்பர் 30, செவ்வாய்

மழை இல்லை. பார்வதி வீட்டுச் சேவல் நாலரைக்கே.

முதல் ரொட்டி கிழிந்தது. கை மறந்துவிட்டது. இரண்டாவது விரிந்தது. மூன்றாவது, பாய் கடைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம், அப்படி வந்தது. மகேஸ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், தலை வாரியும் வாராமலும்.

பருப்புக் குழம்பு. மேசையில் இரண்டு தட்டு. அவள் ஒரு ரொட்டியைப் பிய்த்துப் பாதியை என் தட்டில் வைத்தாள்.

"உங்களுக்குந்தான் டெஸ்ட்டு. ஏமாத்தாமச் சாப்புடுங்க."

சாப்பிட்டோம். அவள் இரண்டு, நான் ஒன்றரை. விரலை நக்கினாள், சின்னதில் செய்வது மாதிரி. ஐந்து நாளுக்குப் பிறகு "வர்றேம்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் தவாவைக் கழுவினேன். கோழிக்குத் தண்ணீர். முழங்கைக்கு எண்ணெய்.

பத்தே காலுக்கு மில்லிலிருந்து ஃபோன். பின்னால் லோரிச் சத்தம்.

"அப்பா, ஆரம்பிச்சிருச்சு. வயிறு கல்லு மாதிரி. ரெண்டு தடவ ஓடிட்டேன்."

"வந்துரும்மா, எம்சி போட்டுட்டு."

"இருங்க, இருங்க. அந்த ஃபோன்ல சொல்லி வைங்க. மணியோட சொல்லுங்க, ரெக்கார்டுக்கு."

வலியில்தான் பேசினாள். ஆனால் சிரிப்பு கேட்டது.

பத்தே கால்.