ஒரே கொக்கியில் நாலு விளக்கு

அண்ணா, அம்மாவின் கையெல்லாம் மண், அதனால் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். கூட்டாமல் குறைக்காமல் உள்ளது உள்ளபடியே எழுதுவேன்.

அன்பு மகனுக்கு, இங்கே எல்லோரும் உடம்புக்கு நன்றாக இருக்கிறோம், புத்திக்குத்தான் சொல்ல முடியாது, நீ வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இரு. நாற்று வளர்க்க நீ அனுப்பிய நாலு எல்.இ.டி. விளக்கையும் உன் அப்பா மாட்டிய அழகைக் கேள். ஊரில் பாதி வீட்டுக்கு ஒயரிங் செய்தவர், நம் வீட்டில் நாலையும் கொத்தாக மின்விசிறிக் கொக்கியிலேயே தொங்கவிட்டார், அதுவும் நாற்றுக்கு ஒரு சாண் மேலே. அறை என்னமோ ஜொலித்தது. பத்தே நாளில் மேசை நடுவில் இருந்த தக்காளி நாற்று வெளுத்துக் கருகியது, ஓரத்தில் இருந்தது கொக்குக்கால் மாதிரி நீண்டு நடுப்பக்கம் சாய்ந்தது. நாற்று வாங்க வந்த நர்சரிக்காரர் பார்த்துவிட்டு, எல்லாம் ஒரே உயரமாக இருந்தால்தான் மாதாமாதம் எடுப்பேன், இன்னும் ஒரு தடவை வருகிறேன், அதோடு சரி என்று போய்விட்டார். தையல் கம்பெனி வேலையை விட்டுவிட்டு இதையே நம்பி உட்கார்ந்திருப்பவள் நான். நீயும்தான் பெரிய என்ஜினியர், விளக்கு மாட்டுவதற்கு அம்பு போட்டுப் படம் அனுப்பினாயே, மேசை எவ்வளவு நீளம் என்று ஒரு வார்த்தை கேட்டாயா?

உன் தங்கைதான் பள்ளியில் ஒளிமானி இரவல் வாங்கி வந்து மேசையில் ஒன்பது இடத்தில் அளந்தாள். நடுவில் விழுந்த வெளிச்சத்தில் கால் பங்குகூட மூலைக்குப் போகவில்லை. மறுபடி விதைத்து, மேசையை நாலாகப் பிரித்து ஒவ்வொரு பங்குக்கும் நேர் மேலே ஒரு விளக்கை, நாற்றின் நுனியிலிருந்து இரண்டு சாண் உயரத்தில், கூரையிலிருந்து இரண்டிரண்டு சங்கிலியில் மாட்டினோம், நாற்று வளர வளரச் சங்கிலியை ஏற்றினோம். உன் அப்பா வாசலில் நின்றுகொண்டு வெளிச்சம் மங்கிவிட்டதே என்றார். "நாற்றுக்கு மாட்டினோமா, நீங்க பேப்பர் படிக்க மாட்டினோமா?" என்றேன். இன்று நர்சரிக்காரர் வந்தார். உன் அப்பா என்கிற இந்த மனிதர் அவர் முன்னாலேயே, கொத்தனார் மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை எடுத்து நாற்று நுனிகளின் மேல் பிடிக்கிறார், எனக்கு மானமே போனது. அவர் சிரித்துக்கொண்டே அத்தனை நாற்றுத் தட்டையும் எடுத்துப்போனார், அடுத்த மாதமும் வருவாராம். நீ தீர்க்காயுசாக இரு. இனிமேல் படம் போடுவதற்கு முன் அளவு கேள். இப்படிக்கு, உன் அம்மா.

அண்ணா, இது நான். புதிதாக வெள்ளையடித்த கூரையில் ஓட்டை போடக் கூடாது, இருக்கிற கொக்கியே போதும் என்று முதலில் அப்பாவைத் தடுத்தது அம்மாதான். இதை எழுதாதே என்றார். உள்ளபடி எழுதுவதாகச் சொல்லிவிட்டேனே என்றேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டே கூரையைப் பார்த்தார். "சரி, இருக்கட்டும். அப்புறம் எட்டு ஓட்டையும் பிசகாம போட்டது அவர்தான்னு எழுது" என்றார். மேசை காலி. அப்பா விளக்குகளை அணைத்துவிட்டார்.