அறுபத்தாறுக்குத் தலை எது?

உன் சாவு மேளச் சத்தம் இந்தத் தெருவரை கேட்கிறது. உன்னைத் தூக்கப்போகிறார்கள். நான் வீட்டுக்குள் உட்கார்ந்து, வேலையை விட்டபோது திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்ட, எண் பொறித்த பித்தளைப் பில்லையைப் புளி போட்டுத் தேய்க்கிறேன். கையெல்லாம் அதே பழைய வாடை. மேஸ்திரி, நீ இருந்தவரை உன்னை 'நீ' என்று நான் சொன்னதில்லை. இன்று சொல்கிறேன்.

ராயபுரத்து இரும்புப் பட்டறையில் சங்கு ஊதுவதற்குள் ஆளுக்கொரு பில்லையை வாசல் தகரப்பெட்டியில் போடவேண்டும். நீ ஒவ்வொன்றாக எடுத்து எண்ணைப் படிப்பாய், கிளார்க் வருகைப் பதிவில் எழுதுவார். சாயங்காலம் பில்லை கைக்குத் திரும்பும். என்னுடையது 66. நாள் முழுக்க உலையடியில் வெந்தவனுக்கு இரண்டு முறை ஆப்சென்ட் விழுந்தது. "இன்னொரு தபா வுயுந்துச்சு, வூட்டாண்ட போய் குந்திக்கோ" என்று சிரித்தாயே, பாவி! அந்தச் சிரிப்பை மறப்பேனா?

சோறு இறங்கவில்லை. பெட்டியில் போட்டேனா இல்லையா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பொறுத்துப் பார்த்த என் பெண்சாதி அதட்டினாள்: "இன்னாய்யா, பயந்துகினே கீற? எங்க தப்பு நடக்குதுன்னு பாத்தியா? அத்த இப்டி குடு." எழுத்தறியாதவள். பில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல எது தல, எது காலு?"

தலைகீழாகப் பிடித்திருந்தாள். 99. உன் மச்சானுடைய எண்! சாராயக்கடையில் கிடந்தவனை என் பில்லையால் வேலைக்கு வந்தவனாக்கியிருக்கிறாய். அது விளங்கியதும் வயிறு முட்டத் தின்றேன். வேலை அப்போதும் ஊசலாடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பயப்பட நேரமில்லை, காரியம் இருந்தது.

66-க்கு அடியில் அரத்தால் ஒரு கோடு இழுத்து, கிளார்க்கிடம் காட்டி வைத்தேன். மச்சான் வராத நாளில், பட்டறைத் துரை வாசலில் நிற்கும்போது போட்டேன். நீ "தொண்ணூத்தொம்போது" என்றாய். "மேஸ்திரி, அடில கோடு கீது பாருங்க, அது என்னுது. தொண்ணூத்தொம்போது எங்க? வரச்சொல்லுங்க!" என்றேன். துரை திரும்பினார். நீ பில்லையைத் திருப்பிப் பிடித்ததைக் கண்குளிரப் பார்த்தேன். அன்றே மச்சானுக்கு வேலை போயிற்று, உனக்கு மேஸ்திரி உத்தியோகம் போயிற்று.

"செத்தவன்மேல இன்னாய்யா கோவம்? ஒரு எட்டு போய்ட்டு வா" என்கிறாள் இப்போது. மாட்டேன். இன்றும் கவலை வந்தால் இந்தப் பில்லையை எடுத்து, எது தலை, எது கால் என்று பார்ப்பேன்; மனசு அடங்கிவிடும். உன்மேல் உள்ள வன்மம் மட்டும் அடங்கவில்லை.

மேளம் நகர்கிறது. உன் சாவுக்கு வந்தவர்களைப் படிக்கிறாயா, மேஸ்திரி? இந்தத் தடவையாவது சரியாகப் படி. அறுபத்தாறு, ஆப்சென்ட்.