இருபத்தேழு மணிகளும் மீதி இரண்டும்

நேற்று பிற்பகல் மின்னஞ்சல் வந்தது. உன் அம்மாவின் சிவப்பு மாலையில் இருக்கும் இருபத்தொன்பது சிவப்பு மணிகளில் இருபத்தேழு, ஐரோப்பாவில் செய்த கண்ணாடி மணிகள். அநேகமாக வெனிஸ் நகரத்துப் பட்டறை வேலை. நூறு வருடத்துக்கு மேல் பழையவை. இதைச் சொல்பவர் புதுச்சேரியில் இருக்கும் கண்ணாடி ஆய்வாளர், அருங்காட்சியகம் ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்ற அம்மையார். படத்தைப் பார்த்துச் சொன்னதல்ல. மாலையைக் கையில் வாங்கி, உருப்பெருக்கியில் பார்த்து, எக்ஸ்ரே கருவியிலும் சோதித்த பிறகு எழுதியிருக்கிறார்.

மாலை இப்போது என் மேசையில், ஒரு எவர்சில்வர் சம்படத்தில் இருக்கிறது. மூடியைத் திறந்தால் பழைய சந்தனமும் பட்டு நூலும் கலந்த வாசம் வருகிறது. நூல் நீ கோத்தது. ஒரு மணிக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு முடிச்சு. திராட்சைக் கொடியைப் பந்தல் கம்பியில் கட்டுகிற முடிச்சு அது. நகைக்கு யாரும் அப்படிப் போடுவதில்லை. உனக்குத் தெரிந்தது அந்த முடிச்சு ஒன்றுதான்.

உங்கள் வீட்டு வழக்கத்தை நான் உன்னிடம்தான் தெரிந்துகொண்டேன். பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் பவளம் என்று எல்லோரும் நம்பிய அந்த மாலையை உங்கள் வீட்டு ஆண் ஒருவர் பழைய நூலிலிருந்து அவிழ்த்து, புது நூலில் தன் கையால் கோத்துக் கொடுக்க வேண்டும். உன் அக்காவுக்கு உன் அப்பா கோத்தார். அக்கா மகளுக்குத் தாய்மாமன் நீ. அந்தக் கல்யாணம் நடந்து இருபது வருடத்துக்கும் மேல் ஆகிறது. கொக்கி தேய்ந்திருந்ததால் சின்னமனூர் ஆசாரியிடம் காட்டக் கிளம்பினாய். எனக்கும் அங்கே ஒரு செய்தி வேலை இருந்தது. உன் வண்டியில் பின்னால் உட்கார்ந்தேன். வரிசை மாறக் கூடாதென்று மணிகளை வாழைநாரில் கோத்து, துணிப்பையில் வைத்திருந்தாய்.

ஆசாரி கொக்கியைப் பார்ப்பதற்கு முன்னால் மணியைப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்தார்.

"பவளம்னா சாறு பட்டதும் பொங்கும்," என்றார். ஒரு மணியை எடுத்துச் சாற்றில் போட்டார். மூவரும் குனிந்து பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. ஊசியால் கீறினார். கீறல் விழவில்லை. "பவளம் இல்லப்பா இது. கண்ணாடி."

நீ சிரித்தாய். "எங்காத்தா இப்ப இருந்தா, அந்த மிச்சப் பழத்த உம்ம கண்ணுலயே பிழிஞ்சிருப்பாக."

"பிழியட்டும். அப்பவும் கண்ணாடிதான்," என்றார் ஆசாரி.

திரும்பும் வழியில் உத்தமபாளையம் தாண்டி வண்டியை ஓரமாக நிறுத்தினாய். பிறகு, "அக்காகிட்ட இப்ப சொல்ல வேணாம்லே. கல்யாணம் முடியட்டும்," என்றாய். நான் சரி என்று சொன்னதாக நினைவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள், கூடலூரில் அக்கா வீட்டு வாசலில், குமுளி ஜீப்புகள் போய்க்கொண்டிருந்த ரோட்டைப் பார்த்தபடி அவர் மாலையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முடிச்சுகள் அவருக்குப் புதிதாக இருந்தன.

"தம்பி, நீயும் கூடப் போனியாமே. ஆசாரி என்ன சொன்னாக?"

நேராகக் கேட்ட கேள்வி. "கண்ணாடின்னு சொன்னார் அக்கா. சோதிச்சுப் பார்த்தார். நானும் பார்த்தேன்."

அக்கா உன் பக்கம் திரும்பினார். "எங்கம்மா கழுத்துல கெடந்தது பவளம். உங்கிட்டக் குடுத்தப்பவும் பவளம். வரும்போது கண்ணாடி. நடுவுல யாரு கை?"

"நா மாத்தலக்கா."

"அப்ப எதுக்குடா எங்கிட்ட மறைச்ச?"

நீ என்னைப் பார்த்தாய். நான் என்ன சொல்ல முடியும் என்று கணக்குப் போட்டேன். அக்கா வீட்டிலிருந்து நீ மாலையை வாங்கியது ஆசாரியிடம் போவதற்கு ஒரு வாரம் முன்பு. அந்த ஒரு வாரம் அது எங்கே இருந்தது, யார் தொட்டார்கள் என்று நான் பார்த்ததில்லை. பார்க்காததைச் சொல்வதில்லை என்பது என் தொழில் பழக்கம். வாயை மூடிக்கொண்டேன். மறுநாள் தாய்மாமன் சீர்த்தட்டைக் கொண்டுவந்து மணவறையில் வைத்துவிட்டு, நீ பந்தியில் உட்காராமல் போனாய். மணப்பெண் கழுத்தில் அந்த மாலை இல்லை. அதன் பிறகு யாரும் அதைப் போடவில்லை. நீயும் அக்காவும் பேசவில்லை.

என்னோடு மட்டும் பேசினாய். அதுதான் இன்று வரை எனக்குப் புரியாதது. கம்பத்தில் தோட்டத்து மோட்டார் ரூம் நிழலில் பன்னீர் திராட்சையை ஒரு தட்டில் வைத்துக்கொண்டு, ஒருநாள் சொன்னாய்: "நா சொன்னா நம்ப மாட்டாக. நீ சொன்னா நம்புவாக. நீ பொய் சொல்லலலே. உண்மையத்தான் சொன்ன. என்ன, பாதிய சொன்ன. மீதி எப்பலே வரும்?"

அதற்குப் பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதுதான் உன் வணக்கம். வைகை அணை திறப்புச் செய்தி எழுதப் போகும்போது ஆண்டிபட்டி டீக்கடையில் பார்த்தாலும், வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்தில் பார்த்தாலும், தூரத்திலிருந்தே கேட்பாய்: "மீதி எப்பலே வரும்?" பக்கத்தில் இருப்பவர்கள் ஏதோ பத்திரிகைத் தொடர் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் சிரித்துச் சமாளிப்பேன். மீதி என்று நீ எதைச் சொன்னாய் என்பதை நான் யோசித்துக்கூடப் பார்க்கவில்லை.

போன ஐப்பசியில் நீ போய்விட்டாய். அக்கா வந்தார். ஓரமாக நின்றார். முகம் பார்த்தார். போனார். பதினாறாம் நாள் முடிந்த வாரத்தில், தேனியில் என் வீட்டுக்கு இந்தச் சம்படத்தோடு வந்தார்.

"தம்பி, இது கண்ணாடின்னு எனக்குத் தெரியும். எப்பத்திக் கண்ணாடின்னு யாராச்சும் சொல்ல முடியுமா?"

நாற்பது வருடம் செய்தி எழுதியவன் நான். என்ன, எங்கே, யார், எப்போது என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன். அந்த ஆசாரிப் பட்டறையில் இது என்ன என்று மட்டும் கேட்டேன். எப்போதையது என்று கேட்கவில்லை. உன் அக்கா கேட்டபோதுதான் அந்தக் கேள்வி அங்கேயே, எலுமிச்சைச் சாற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது தெரிந்தது. அதுதான் மீதி.

எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று நீ கேட்பாய். எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன்.

முதலில் துளை. உருப்பெருக்கியில் துளை வாயைப் பார்த்தால் உள்ளே வெள்ளை தெரிகிறது. சிவப்பு முள்ளங்கியை வெட்டினால் தெரிவதுபோல, வெள்ளைக் கண்ணாடிக்கு மேலே சிவப்புக் கண்ணாடி ஒரு தோலாக இருக்கிறது. அந்தச் சிவப்புக்குள் பொடிப்பொடியான காற்றுக் குமிழிகள் துளையைச் சுற்றி வளைந்து ஓடுகின்றன. உருகிய கண்ணாடியைக் கம்பியில் சுற்றிச் செய்த மணிக்கு அதுதான் அடையாளம். அச்சில் அழுத்திய மணி என்றால் இடுப்பில், அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில், ஒரு தையல் கோடு இருக்கும். இந்த இருபத்தேழில் அது இல்லை. அடுத்தது நிறம். செலினியம் என்ற தனிமத்தைச் சேர்த்துச் சிவப்பு உண்டாக்குவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில்தான் வழக்கத்துக்கு வந்ததாம். எக்ஸ்ரே கருவியில் பார்த்தபோது இவற்றில் செலினியம் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தே 'நூறு வருடத்துக்கு மேல்' என்கிறார். "எந்த ஆண்டு என்று கேட்காதீர்கள். ஆண்டு சொல்பவர்களை நம்பாதீர்கள்," என்றும் எழுதியிருக்கிறார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அங்கேதான்.

ஆனால் பழைய மணி என்பது மட்டும் உன்னை விடுவிக்காது. பழைய கண்ணாடியை வாங்கிவந்து மாற்றியிருக்கலாம் அல்லவா? அதையும் அவரிடம் கேட்டேன். இந்தத் தடவை கேட்டேன்.

பதில் தங்கத்தில் இருந்தது. சிவப்பு மணிகளுக்கு இடையில் சின்னத் தங்கக் குண்டுகள் இருக்கின்றன, நினைவிருக்கும். அவற்றின் பக்கங்களில் குழி விழுந்திருக்கிறது. கண்ணாடியைவிடத் தங்கம் மென்மையானது. பல காலம் கழுத்தில் உரசி உரசிக் கண்ணாடி விளிம்பு தங்கத்தைத் தின்றிருக்கிறது. ஒவ்வொரு குழியிலும் பக்கத்து மணியின் விளிம்பு, கோணல் மாணலோடு, அப்படியே பொருந்துகிறது. நீ கோத்த பிறகு இது நடந்திருக்க முடியாது. உன் திராட்சை முடிச்சு நடுவில் நிற்கிறது. அதற்குப் பின் கண்ணாடியும் தங்கமும் தொட்டதே இல்லை. ஆகவே நீ வாங்குவதற்குப் பல வருடம் முன்பே இந்த மணிகள் இந்த மாலையில்தான் இருந்தன. "இந்த முடிச்சுகளைப் போட்டவர் யார்? இவற்றால்தான் இதைச் சொல்ல முடிகிறது," என்று கேட்டிருக்கிறார். வாழைநாரில் வரிசை மாறாமல் வைத்தவனும் அவன்தான் என்று பதில் எழுதினேன்.

இன்று காலை கூடலூர் போனேன். அக்கா வாசலில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். ரோட்டில் ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக மலையேறிக்கொண்டிருந்தன.

"அப்ப எங்கம்மா போட்டுருந்ததும் கண்ணாடிதானா?"

"ஆமாக்கா."

"அவகளுக்குத் தெரியுமா?"

"அது தெரியலை. தெரிஞ்சுக்கவும் வழியில்லை."

கொஞ்சம் சிரித்தார். "பவளம்னு சொல்லிச் சொல்லியே நிமிந்து நடந்தாக." பிறகு சிரிப்பு நின்றது. "நா கேட்டது தப்பாப் போச்சே, தம்பி."

"நான் சொன்னதும்தான் அக்கா."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கொக்கிக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு மணிகளைக் காட்டினேன். அவற்றின் இடுப்பில் தையல் கோடு இருக்கிறது. துளை ஒரு பக்கம் அகலமாக, மறுபக்கம் குறுகலாக இருக்கிறது. அச்சில் அழுத்தியவை, ஒருவேளை ஐரோப்பாவின் பொஹீமியாப் பகுதி வேலை. பக்கத்துத் தங்கத்தில் குழி இல்லை. யாரோ பிற்பாடு சேர்த்தவை. எப்போது, யார் என்று தெரியாது. இந்த இரண்டையும் நீ மாற்றவில்லை என்று இன்றைக்கு என்னால் எழுத முடியாது. அக்காவிடம் அதையும் அப்படியே சொன்னேன்.

அவர் அந்த இரண்டையும் கட்டைவிரலால் தடவினார். "ரெண்டு மணி. இதுக்கா நான் எந்தம்பிகூட இத்தன வருசம் பேசாம இருந்தேன்?"

மாலையைச் சம்படத்தில் வைத்து மூடினார்.

"ஆவணியில பேத்திக்குக் கல்யாணம். எங்க வீட்டு ஆம்பளக் கை அவன் மகன்தான் இருக்கான். வீரபாண்டித் திருவிழா முடியட்டும், நானே கம்பத்துக்குப் போயி அவங்கிட்டக் குடுக்குறேன். கோத்துத் தருவானா தம்பி?"

"கேட்டுத்தான் பார்க்கணும் அக்கா."

"நீயும் கூட வா. இந்தத் தடவ வாயத் தொறந்து பேசு."

சரி என்றேன். வாயால் சொன்னேன். அதுவரை மாலை என்னிடமே இருக்கட்டும் என்று சம்படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். உன் மகன் கோக்க ஒப்புக்கொண்டால் உன் முடிச்சுகளை அவிழ்க்க வேண்டிவரும். அதனால் வரும் வழியில் ஸ்டூடியோவில் நிறுத்தி, ஒவ்வொரு முடிச்சையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

இனி நிலுவையில் இருப்பவை இரண்டு. உன் மகனின் பதில், சித்திரையில் திருவிழா முடிந்த வாரம் தெரியும். அந்த இரண்டு மணிகளின் துளையிலிருந்து ஊசி முனையால் எடுத்த தூசி ஆய்வகத்துக்குப் போயிருக்கிறது. அதில் உன் பட்டு நூலுக்கு முந்திய, மற்ற மணிகளிலும் இருக்கும் அதே பழைய நூலின் பொடி இருந்தால், அவை உன் கைக்கு வருமுன்னரே மாலையில் இருந்தவை. இல்லாவிட்டால் அதையும் வந்து உன்னிடம் சொல்வேன். முடிவு வைகாசிக் கடைசியில் வரும் என்று அம்மையார் எழுதியிருக்கிறார்.

மீதி எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். வைகாசிக் கடைசியில்.