ஆண்கள் தின்னக்கூடாத கொழுக்கட்டை

பாசமுள்ள மதினிக்கு,

நீங்கள் இருக்கிற இடத்தில் சாப்பாடு எப்படி என்று தெரியவில்லை. இங்கே போன செவ்வாய்க்கிழமை நாங்கள் சீனச் சாப்பாடு சாப்பிட்டோம். சிரிக்காதீர்கள், அண்ணனும் வந்தார்.

எல்லாம் உங்கள் மகள் தேன்மொழி செய்த வேலை. லீவுக்குச் சென்னையிலிருந்து வந்தவள், "ஒம்பது மாசமா அப்பா ரசத்தையும் அப்பளத்தையும் வச்சே பொழுத ஓட்டுறாக. இன்னிக்கு வெளியில போறோம்" என்று எங்கள் இருவரையும் காரில் ஏற்றிவிட்டாள். காரைக்குடியில் புதிதாக ஒரு சைனீஸ் ஓட்டல் வந்திருக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார். ஏசிக் குளிருக்குத் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

தேன்மொழி டிம் சம் என்று ஒன்று கேட்டாள். ஆடிச் செவ்வாய் என்பதால் கறி வேண்டாம், காளான் வைத்தது போதும் என்றாள். மூங்கில் கூடை வந்தது. மூடியைத் திறந்தால் குப்பென்று ஆவி. உள்ளே வெள்ளை வெளேரென்று, மடிப்பு மடிப்பாக, விரல் பதிந்த தடம் தெரிகிற மாதிரி ஆறு கொழுக்கட்டை. கொழுக்கட்டை என்றுதான் சொல்வேன், வேறு என்ன?

அண்ணன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். "ஏத்தா வசந்தா, இது உங்க செவ்வாய்ப் பிள்ளையார் நோன்புக் கொழுக்கட்டைல்ல? ஆம்பள திங்கக் கூடாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த நோன்பன்று கைக்குழந்தையானாலும் ஆண் என்றால் வெளியே அனுப்பிவிட்டுத்தானே கதவைச் சாத்துவோம்? "அது எப்படி இருக்கும்னு உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?" என்றேன். "கல்யாணமான வருசம் கதவிடுக்குல பாத்துட்டேன்" என்றார், திருட்டுத்தனமாக. உங்களுக்கு இது தெரியுமா மதினி? தெரிந்துதான் சும்மா இருந்தீர்களா?

"அப்பா, நோன்புக் கொழுக்கட்டைல உப்பே கெடையாது. இதுல உப்பு இருக்கு, தைரியமாத் தின்னுங்க" என்றாள் தேன்மொழி. அண்ணன் நம்பவில்லை. பரிமாறிய பெண்ணைக் கூப்பிட்டு, "ஏம்மா, இதுல உப்பு உண்டா?" என்று விசாரித்தார். அவள், "பத்தலைன்னா சாஸ் தொட்டுக்கங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நானும் தேன்மொழியும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அவர் சிரிக்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்தார். "அந்தப் பிள்ளையாரு அவ கேட்டதக் குடுத்துட்டாரு. பூவும் பொட்டுமாப் போகணும்னுதான எல்லாரும் வேண்டுறீக? நல்லா வாங்கிக்கிட்டா. என்னையத் தனியா விட்டுட்டுப் போயிட்டா."

உங்கள் போட்டோவைச் சுவரில் மாட்டாமல் பீரோவுக்குள் ஏன் வைத்திருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. துக்கம் என்று நினைத்தோம். கோபம் மதினி. ஒன்பது மாதமாக உங்கள்மேல் கோபத்தோடுதான் அந்த மனுஷன் சோறு தின்றிருக்கிறார்.

நீங்கள் என்ன வேண்டினீர்கள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு நோன்பில் மாவு பிசைந்துகொண்டே என் காதில் சொன்னீர்கள்: "நான் வேண்டுறதே வேற. அவுக எனக்கு முன்னாடிப் போயிரணும் வசந்தா. அவுகளுக்குச் சோத்துல கொழம்பு ஊத்திக்கக்கூடத் தெரியாது. விட்டுட்டுப் போனா என் நெஞ்சு வேகாது." என் அண்ணன் சாகணும் என்று வேண்டுகிறவளோடு எனக்கென்ன பேச்சு என்று ஒரு வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தாலியைவிட அவர் சாப்பாட்டைப் பெரிதாக நினைத்த மனசு அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

நோன்பு ரகசியத்தை ஆணிடம் சொன்னால் பலிக்காது என்பார்கள். இனிப் பலிக்க என்ன இருக்கிறது? சொல்லிவிட்டேன், ஒரு சொல் விடாமல்.

அண்ணன் என்னையே பார்த்தார். "கொழம்பு ஊத்திக்கத் தெரியாதுன்னா சொன்னா?" என்றார். ஆமாம் என்றேன். உங்கள் காரியத்தன்றுகூட அழாதவர், சைனீஸ் ஓட்டலில் துண்டை வாயில் வைத்து அழுதார். தேன்மொழி எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து ஒன்றைக் கையால் எடுத்து வாயில் போட்டு, "உப்பு கம்மிதான்" என்றார். ஆறில் நாலு அவர்தான் தின்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் சுவரில் தானே ஆணி அடித்து உங்களை மாட்டினார். கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கிறீர்கள். யாரையும் சரிசெய்ய விடவில்லை.

வருகிற செவ்வாய் நோன்பு என் வீட்டில். நீங்கள் இல்லாத முதல் நோன்பு. உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைத்தான் கேட்கப் போகிறேன்: அண்ணன் மெதுவாக வரட்டும், நீங்கள் அவசரப்பட்டுக் கூப்பிட்டுவிடக் கூடாது. அடுத்த தெருதானே, அதுவரை அவர் சோற்றுக்குக் குழம்பு நான் ஊற்றுகிறேன். இனி உங்கள் நெஞ்சு நிம்மதியாக வேகட்டும் மதினி.

உங்களோடு சண்டை போட்டதற்கு இன்னும் வருந்துகிற,
உங்கள் நாத்தனார்
வசந்தா
அமராவதிபுதூர்