சாது என்று சொல்ல வாய் வரவில்லை

மயிலாப்பூர்
21-8-95

சிரஞ்சீவி முகுந்தனுக்கு அம்மாவின் அநேக ஆசீர்வாதம். இங்கே அப்பாவும் நானும் உடம்பளவில் சௌக்கியம், மனசைப் பற்றி நீ கேட்கவேண்டாம். நீ அங்கே சௌக்கியமா என்று உன் கடிதத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால், நாலு பக்கத்திலும் நீ யார் இல்லை என்றுதான் எழுதியிருக்கிறாயே தவிர, சாப்பிட்டாயா தூங்கினாயா என்று ஒரு வரி இல்லை. ஆபீசில் ட்ரெயினிங் என்று எல்லாரையும் ஏதோ ஓட்டலில் உட்காரவைத்து, உன்னைப் பற்றி நீயே சொல்லு என்றார்களாம், சாது என்பதை இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தபோதே அது நீ இல்லை என்று உனக்குப் பட்டுவிட்டதாம், அது நாங்கள் ஒட்டின பட்டமாம். உப்பில்லாத ரசத்தைக்கூட, குறை சொன்னால் சாது என்ற பேர் போய்விடுமே என்று பயந்து விழுங்கினாயாம். உப்பு இல்லை அம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன்னைத் தூக்கிலா போட்டிருப்பேன்? பிள்ளை ரசித்துச் சாப்பிடுகிறான் என்று நினைத்து இன்னொரு கரண்டி விட்டேனே, அதையும் சேர்த்துத்தானே விழுங்கினாய், கடன்காரா!

நாங்கள் ஒட்டினோம் என்கிறாயே, நானா உட்கார்ந்து கண்டுபிடித்தேன்? உனக்குத் தடுப்பூசி போட்ட டாக்டர் முதல் கீழ்வீட்டு மாமி வரை எல்லாரும் சொன்னதுதான். ரெண்டு குழந்தை இருக்கிற வீட்டில் ஒன்றை வால் என்பார்கள், இன்னொன்றைச் சாது என்பார்கள், ஊர் முழுக்க இப்படித்தான். உன் அக்கா வால் என்று பேர் வாங்கினவள், இன்றைக்கு நாக்பூரில் மாமியார் எதிரில் வாயைத் திறக்க யோசிக்கிறாள். சொல்லிச் சொல்லி ஒட்டிக்கொள்ளும் என்றால் அவளுக்கு மட்டும் ஏன் ஒட்டவில்லை, அதை உன் ட்ரெயினிங்காரனிடம் கேட்டு எழுது. என்னையும்தான் இந்த வீட்டுக்கு வந்த நாளாய்ப் படபடப்பு என்கிறார்கள், பால் பொங்கி வழிந்தால்கூட நான் படபடத்ததால்தான் பொங்கிற்று. நானும் உட்கார்ந்து நாலு பக்கம் எழுதட்டுமா? யாருக்கு எழுதுவது? உன் கடிதத்தை அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிவரை படித்துவிட்டு, சரியாத்தானே எழுதியிருக்கான் என்று சொல்லிப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை, அவர் அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

சரி, ஏதோ வெளிதேசத்தில் தனியாக இருக்கிற பிள்ளை, அலுப்பில் எழுதிவிட்டான், போகட்டும் என்றுதான் இருந்தேன். போன வாரம் உனக்காகப் பெசன்ட் நகரில் ஒரு பெண்ணைப் பார்க்கப் போவதாக இருந்தது, வெறுங்கையோடு போகக் கூடாதே என்று ரவிக்கைத் துணி வாங்கத் தி. நகர் போனேன். உன்னோடு நந்தனம் காலேஜில் படித்த சுரேஷ்குமார் இருக்கிறானே, அவன் அப்பா வெள்ளைத்துரையின் கடையை இப்போது அவன்தான் பார்த்துக்கொள்கிறான். கல்லாவை விட்டு எழுந்து வந்து ஸ்டூல் போட்டு, குளிர்ச்சியாகக் கலர் வாங்கிக் கொடுத்தான். விஷயத்தைச் சொல்லி, முகுந்தன் சாதுவாச்சே, அதற்குத் தகுந்த மாதிரி பெண் அமையவேண்டுமே என்றேன். அவ்வளவுதான், கடை அதிரச் சிரிக்கிறான். இன்னா மாமி சொல்றீங்க, முகுந்து சாதுவா, காலேஜுல அவன் பேரே கலாட்டா மாமி, ஒரு தபா அம்பயர் அவுட்டு குட்த்துட்டாருன்னு பிட்ச்சு மேலயே சப்பணம் போட்டுக் குந்திக்கினான், எய்ந்துக்கவே இல்ல, அவன் பேசுன பேச்சுல அம்பயரே மெர்சலாயி வூட்டுக்குப் பூட்டாரு என்றான். வேறு யாரையோ சொல்கிறான் என்று நினைத்து நம்ம முகுந்தனா என்று இரண்டாம் தடவை கேட்டேன். நம்ம முகுந்துதான் மாமி என்று அவன் அடித்துச் சொன்னான். கலரைப் பாதியிலேயே கீழே வைத்துவிட்டேன். அன்று சாயங்காலமும் நீ வீட்டுக்கு வந்து, கால் அலம்பிக்கொண்டு, கொடுத்த மோர்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டுதானே உட்கார்ந்திருப்பாய்? எப்படியடா முடிந்தது? செருப்போடு சேர்த்துக் கலாட்டாவையும் வாசலில் கழற்றிவிட்டு வந்தாயா? நீ அங்கே போட்ட சண்டைக்காக எனக்குக் கோபம் இல்லை. ஒரு துணிக்கடைப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை, அதுதான் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தக் கலாட்டாவை நானும் ஒரு தடவை பார்த்திருக்கக் கூடாதா?

இந்த ஆத்திரத்தோடேதான் அப்பாவையும் அழைத்துக்கொண்டு பெண் பார்க்கப் போனேன். வேளாங்கண்ணி கோவிலைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே தள்ளி வீடு, கடல் காற்று நன்றாக வருகிறது. பெண்ணின் பேர் மஹதி, பாங்கில் வேலை, நல்ல களை. எங்க பொண்ணு ரொம்ப அடக்கம், அதிர்ந்து பேசமாட்டா என்று அவள் அம்மா காமாக்ஷி சொல்லிக்கொண்டே இருந்தாள், பெண்ணும் அதற்கேற்ற மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேசரி கொடுத்தார்கள், நெய் கூடுதல். அப்புறம் காமாக்ஷி, உங்க பிள்ளை குணம் எப்படி, நீங்க சொல்லித்தானே நாங்க தெரிஞ்சுக்கணும் என்று கேட்டாள். இந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தூக்கத்தில்கூட வரும். வாயைத் திறந்தேன், சாது என்று சொல்ல வரவில்லை. வேறு ஏதாவது சொல்லலாம் என்று தேடினால், உன்னைப் பற்றி என்னிடம் இன்னொரு வார்த்தை இல்லை, முகுந்தா. கலாட்டா என்று சொல்ல முடியுமா? நிஜமாச் சொல்றேன், எனக்குத் தெரியலை, அவனைத்தான் கேட்கணும் என்று சொல்லிவிட்டேன். அப்பா தொண்டையைக் கனைத்தார். காமாக்ஷி முகம் சுண்டிப்போயிற்று, பெற்றவளே தெரியாது என்கிறாளே, பிள்ளையிடம் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்திருப்பாள், அவள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

கிளம்பும்போது அப்பா ஆட்டோ பிடிக்கத் தெருமுனைக்குப் போய்விட்டார். அந்தப் பெண் என்னைக் கொண்டுவிட வாசல் கேட் வரை வந்தவள், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவான குரலில், மாமி, எங்காத்துல என்னை அடக்கம் அடக்கம்னு சொல்லிண்டிருந்தாளோல்லியோ, அது நான் இல்லை, அவருக்கு எழுதறச்சே சொல்லிடுங்கோ, அவர் எப்படின்னு அவரே எழுதினா எனக்கும் சொல்லுங்கோ என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதற்குள் காமாக்ஷி உள்ளேயிருந்து கூப்பிட, இதோ வந்துட்டேம்மா என்று தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். அந்தப் போக்கைப் பார்த்தாயானால் இவளைப் போல அடக்கம் உலகத்திலேயே கிடையாது என்று நீயே சொல்லுவாய். நன்றாகத்தான் தேர்ந்திருக்கிறீர்கள் ரெண்டு பேரும்.

இன்றுவரை காமாக்ஷி போன் செய்யவில்லை. இந்தச் சம்பந்தம் நிற்பதும் போவதும் இப்போது உன் கையில் இருக்கிறது. சாது இல்லை என்று எழுதினது போதும், சாது இல்லாவிட்டால் யார் என்று எழுது. எனக்குப் பிடிக்கிற மாதிரி எழுதாதே, அந்த ட்ரெயினிங்காரன் மெச்சுகிற மாதிரியும் எழுதாதே. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொள், ஐஸ் தண்ணீரை அப்படியே குடிக்காதே, பனி விழ ஆரம்பித்தால் ராத்திரியில் கார் எடுக்காதே. தீர்க்காயுசோடும் ஒரு குறையும் இல்லாமலும் நீ இருக்கவேண்டும் என்று கபாலியை வேண்டிக்கொள்கிறேன். டிசம்பரில் நீ வருவதற்குள் பதில் வந்தாகவேண்டும், மறந்துவிடாதே. காலேஜ் பிள்ளைகளுக்கு உன்னைத் தெரிந்திருக்கிறது, அந்த ஓட்டலில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது, நாளைக்கு வரப்போகிறவளுக்கும் தெரியத்தான் போகிறது. எல்லாருக்கும் தெரிந்தபிறகு கடைசியாக எனக்குத் தெரியும்படி வைக்காதே, கண்ணா.

இப்படிக்கு
உன்னைப் பெற்ற
பங்கஜம்