மூன்று மீட்டர் வெள்ளைத் துணி

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகம். நீயும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் அதை நீயல்லவா எழுத வேண்டும். இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை, கூப்பிட்டால் போன் அணைந்து கிடக்கிறது. வேலையை விட்டதற்கு அன்றைக்குக் கன்னாபின்னாவென்று திட்டிவிட்டேன், வாஸ்தவம்தான், அதற்காக இப்படியா? அம்மா என்னோடு முகம்கொடுத்துப் பேசுவதில்லை. பேசினாலும் எனக்குப் பாதிதான் கேட்கிறது, முப்பது வருஷ இன்ஜின் சத்தத்தில் இடது காது போயே போய்விட்டது, வலதும் கிளம்பத் தயார். டாக்டரிடம் போங்கள் என்று அவள் சொன்னதைத் தட்டிக்கழித்ததன் பலனைப் போன செவ்வாய்க்கிழமை அனுபவித்தேன்.

கடைசித் துறைமுகத்துக் கடைக்காரரை உனக்கு நினைவிருக்கும், சின்ன வயதில் என்னோடு படகில் வந்து அவர் மிட்டாய் பாட்டிலைக் காலி செய்தவன்தானே நீ. ரோடு கிடையாது, படகில் மூன்று மணி நேரம். வருஷா வருஷம் அவர் ஜெனரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்யப் போவேன். இப்போது அங்கே குடியிருப்பது அவர் ஒருத்தர்தான், ஒதுங்கும் மீன்பிடிப் படகுகளால் கடை ஓடுகிறது. பூட்டிக் கிடக்கும் வீடுகளின் வாசலையெல்லாம் அவரே பெருக்கி வைக்கிறார், ஏனென்று நான் கேட்டதில்லை. பாறைகளுக்குள் நுழையும்போது ஹாரன் அடிக்க வேண்டும். ஒன்று என்றால் சாமான் வாங்க, இரண்டு என்றால் நோயாளி, மூன்று என்றால் படகில் பிணம், அதற்குத் தகுந்தபடி அவர் தயாராக நிற்பார். அன்று காலை ஒரே மூடுபனி. படகோட்டி கழியால் பாறையைத் தள்ளிக்கொண்டிருந்தான், ஹாரன் என் பொறுப்பு. அமுக்கினேன், சத்தம் வரவில்லை என்று நினைத்து மறுபடி அமுக்கினேன், அப்புறம் இன்னொரு தடவை. அவன் திரும்பிப் பார்த்த பார்வையில்தான் மூன்றும் அடித்திருக்கிறது என்று தெரிந்தது.

கரையேறினால் பெரியவர் கழுத்துவரை பொத்தான் போட்டு நிற்கிறார். கடைக்குள் நீள மேஜையிலிருந்து பிஸ்கட் டப்பா, சோப்பு எல்லாவற்றையும் இறக்கி, கழுவி, அதன் மேல் வெள்ளைத் துணியை வெட்டி மடித்து வைத்திருந்தார். யாருப்பா என்றார் மெதுவாக. யாருமில்லை, என் காதுதான் செத்துப்போச்சு என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. படகில் இறங்கித் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்தார். துணியைச் சுருட்டித் திரும்ப வையுங்கள் என்றேன். வெட்டினது அலமாரிக்கு ஏறாது தம்பி, நாப்பது வருஷத்துல ஒண்ணுகூட வீணாப் போனதில்ல என்றார். சரி, எனக்கே வைத்துக்கொள்ளுங்கள் என்று விளையாட்டாகச் சொன்னேன். தலை முதல் கால்வரை பார்த்துவிட்டு, உனக்கு ரெண்டரை மீட்டர் போதும், இது மூணு, நான் அளந்து வெட்டறதில்ல, கை தானா நிக்கும், இன்னைக்கு மூணுல நின்னுச்சு என்றார். படகோட்டி என் தோள் உயரம், கடைக்காரர் அதைவிடக் கட்டை. நம் வீட்டில் நிலைப்படியில் தலை இடிக்கிற ஒரே ஆள் நீதான். அந்த நேரம் பார்த்து, பையன் நல்லாருக்கானா என்று கேட்டார். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது, நல்லாயிருக்கான் என்று சொல்ல வாய் வரவில்லை.

அன்று ஒரு திருகுகூடக் கைக்கு அடங்கவில்லை. ஒருவழியாக வேலையை முடித்துவிட்டு, துணியை இரண்டாக வெட்டுங்கள் என்றேன், மாட்டேன் என்றார். பெரிய மனுஷர் கையிலிருந்து கத்திரிக்கோலைப் பிடுங்கி நானே வெட்டினேன். இனி அது யாருக்கும் பத்தாது. அவர் மேஜையை மறுபடி ஒரு தடவை துடைத்தார். சாமானை எடுத்து வைக்கலையா என்று கேட்டேன். கொஞ்ச நாள் போகட்டும் தம்பி என்றார்.

அம்மாவிடம் இதில் ஒன்றும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. வேலை போனால் போகட்டும், கையில் பணமில்லை என்றால் கூச்சப்படாமல் கேள். வேளைக்குச் சாப்பிடு, என் மேல் கோபமென்றால் திருப்பித் திட்டு, ஆனால் பேசு. போன் மணி எனக்குக் கேட்பதில்லை, அதனால் அதிரும்படி வைத்துச் சட்டைப் பையில் போட்டிருக்கிறேன். படுக்கும்போதும் எடுப்பதில்லை.

நோய்நொடி இல்லாமல் எங்களுக்கு அப்புறமும் வெகுகாலம் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் பதிலுக்காக உட்கார்ந்திருக்கும்
அப்பா