நூற்று முப்பத்தேழாவது ஜோடி

மார்ச் 2, ஞாயிறு

காலையில் எல்லாப் பெட்டியையும் திறந்து பார்த்தேன். ஏழு ஜோடி சப்பாத்து. சிலிக்கா பொட்டலங்களை மாற்றினேன், உள்ளே திணித்த தாளை மாற்றினேன். ஒரு ஜோடியின் அடிப்பாகம் லேசாக மஞ்சள் தட்டுகிறது. இந்த எஸ்டேட் வீட்டுத் தகரக் கூரைக்குக் கீழே வேறென்ன ஆகும்? பத்து மணிக்கே கொதிக்கிறது, மழை பெய்தால் சுவரே வியர்க்கிறது. சப்பாத்துக்குச் சூடும் ஆகாது, ஈரமும் ஆகாது. பசை விட்டுவிடும்.

அதனால்தான் எட்டாவது ஜோடியை, இருப்பதிலேயே நல்ல அந்தப் பச்சை நிறத்தை, தெமியாங்கில் அக்கா வீட்டில் வைத்திருக்கிறேன். ஏர்கோன் அறை. வாங்கும் வாய்ப்பு குலுக்கலில் என் பெயருக்கு விழுந்தது. மொத்தமே முந்நூறு ஜோடிதான் செய்தார்கள். சப்பாத்து நாக்கின் உட்புறம் எண் தைத்திருக்கும். என்னுடையது 137. என் கால் அளவு ஐந்து, வாங்கியது எட்டு — எட்டும் ஒன்பதும்தான் நன்றாக விற்கும். இதுவரை யார் காலும் படவில்லை. பெட்டி, சீட்டு, ரசீது எல்லாம் அப்படியே. அப்படி இருந்தால்தான் விலை.

கோலாலம்பூர்க்காரர் ஒருவர் ஐயாயிரம் வெள்ளி தருவதாகச் சொல்கிறார். இன்னும் ஏறும். டிசம்பருக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லி எஸ்டேட் ஆபீஸில் கடிதம் கொடுத்துவிட்டார்கள். லுக்குட் பக்கம் ஒரு மலிவு வீட்டுக்கு முன்பணம் கட்ட அது போதும். அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் ‘எனக்கெதுக்குடி வீடு’ என்பாள். சாவியைக் கையில் கொடுக்கும்போது சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 5

அக்கா இந்த மாதச் சப்பாத்துப் படத்தை அனுப்பிவிட்டாள். ‘உன் புள்ள நல்லாத்தான் இருக்கு லா, நிம்மதியா தூங்கு.’ சிரிப்பு வந்தது. அம்மாவிடமும் காட்டினேன்.

ஏப்ரல் 11

பங்குனி உத்திரம். நான் வேலை பார்க்கும் மில்லில் லோரி எடை எழுதி முடித்துவிட்டு நேராகச் சிரம்பான் கோயிலுக்குப் போனேன். வாசலில் சிலிப்பரைக் கழற்றும்போது, குவியலின் ஓரத்தில் அந்தப் பச்சைச் சப்பாத்து, என்னுடையதைப் போலவே. இதைப் போய்க் கோயிலுக்குப் போட்டுக்கொண்டு வருவானா ஒருத்தன், பைத்தியக்காரன் என்று நினைத்துக்கொண்டே குனிந்து நாக்கைப் புரட்டினேன்.

137.

உள்ளே அபிஷேகம், மேளச் சத்தம். நான் வாசலில் சப்பாத்துக்குக் காவல் நிற்கிறேன். திருடனாக இருக்கட்டும் முருகா, எவனோ திருடனாக இருக்கட்டும் — இதுதான் இன்றைக்கு நான் வேண்டிக்கொண்டது.

வந்தது துரைசிங்கம் மாமா. அக்காவின் மாமனார். கால் கழுவிய ஈரத்தோடு, குதிகால் பக்கத்தை மிதித்து மடக்கி, உள்ளே நுழைத்தார். என் நெஞ்சில் மிதித்த மாதிரி இருந்தது.

“அட, மோகனாவோ! இதைப் பார்த்தீரா? என்ர எழுபதாவது பிறந்தநாளுக்கு உம்முடைய அக்கா வாங்கித் தந்தவ. நடக்க நல்ல சுகமா இருக்கு.”

பின்னாலேயே அக்கா. என்னைப் பார்த்தாள், சப்பாத்தைப் பார்த்தாள். “அன்னதானம் சாப்பிட்டியாடி?” என்றாள்.

சாப்பிட்டேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? ஒரே வார்த்தை, அங்கேயே அவள் மானம் போயிருக்கும். சொல்லித் தொலைச்சிருக்கணும்.

ஏப்ரல் 12

மாமாவின் பிறந்தநாள் நவம்பரில். அதற்குப் பிறகும் ஐந்து மாதம் எனக்குப் படம் வந்திருக்கிறது. ஐந்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். பெட்டி மூடியில் ஒரு தலைமுடி. ஐந்திலும் அதே முடி, அதே வளைவு. எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுத்து வைத்துக்கொண்டு, மாதம் ஒன்றாக அனுப்பியிருக்கிறாள். பாவி! தூக்கிக் கொடுத்தது கூடப் போகட்டும். உக்காந்து படம் எடுத்திருக்காளே!

போன் பண்ணிக் கத்தினேன். முதலில் அவளும் கத்தினாள், பிறகு குரல் இறங்கிவிட்டது.

“இவங்க பரம்பரையா கிராணி குடும்பம்டி, ஆபீஸ் உத்தியோகம். கல்யாணமாகி எட்டு வருசம், எஸ்டேட்டுக்காரி என்னத்த கொண்டாந்தான்னு ஒரு பார்வை. ஒரு நாளாச்சும் அந்த வீட்டுல பெருமையா நிக்கணும்னு தோணுச்சு. கடை விலையக் குடுத்துர்றேன் லா.”

கடை விலையாம். எழுநூறு வெள்ளி. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா? தெரியவில்லை. கேட்கவே இல்லையே.

ஏப்ரல் 13

பெரிய மகள் இப்படிச் செய்தாள் என்று தெரிந்தால் அம்மா உடைந்துபோவாள் என்று நாளெல்லாம் பயந்தேன். சாயங்காலம் சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தேன். அம்மா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

“தெரியும். என்னைக் கேட்டுட்டுத்தான் குடுத்தா.”

மாதாமாதம் நான் படத்தைக் காட்டும்போது ‘நல்லாருக்குடி’ என்றவள் இவள்தானே?

“உன்னைக் கேட்டா நீ தரமாட்ட. வாழப்போன எடத்துல அவ தல நிமிந்து நிக்கணும்ல. நீ எங்கூடத்தான இருக்க, உனக்கென்ன கொறச்சல்?”

வீட்டு விஷயம் வாய் வரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால் அழுவாள். அப்புறம் நான்தான் கெட்டவள்.

ஏப்ரல் 14

புத்தாண்டு. அக்கா வாழ்த்து அனுப்பியிருக்கிறாள். பார்த்தேன், அவ்வளவுதான்.

ஏப்ரல் 29

அந்தக் கோலாலம்பூர்க்காரர் ‘இன்னும் இருக்கா?’ என்று கேட்டார். இல்லை என்று எழுதினேன். என்ன விலைக்குப் போச்சு என்றார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

மே 18

ஐந்து வாரமாகப் பெட்டிகளைத் தொடவில்லை. இன்று ஒன்றைத் திறந்தால் பூஞ்சை வாடை. துடைக்காமல் மூடி வைத்தேன். “என்னடி, உன் சப்பாத்தெல்லாம் பாக்குறதே இல்ல?” என்று அம்மா கேட்டாள். என்னமா கேக்கிறா பாரு.

ஜூன் 10

கோலா பிலாவில் இருக்கும் எங்கள் கம்பெனி மில்லுக்கு ஆள் வேண்டும் என்றார்கள். நான் போகிறேன் என்றேன். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து வேலை. குவாட்டர்ஸ் உண்டு, இரண்டு அறை. மானேஜர் ரவிச்சந்திரன் குவாட்டர்ஸ் விண்ணப்பப் போர்மை நீட்டினார். கூட வசிப்பவர்கள் யார் யார் என்று ஒரு கட்டம் இருந்தது.

“அதுல அம்மா பேரைப் போடும்மா” என்றார்.

“யாரும் இல்ல சார்” என்றேன். எழுதியும் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் மீன் குழம்பு. நடுத்துண்டை எனக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்தாள். எதிரில் உட்கார்ந்து, நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே, “டிசம்பர்ல நாம எங்கடி போறது, ஏதாச்சும் எடம் பாத்தியா?” என்று கேட்டாள்.

“பாத்துக்கிட்டுத்தான்மா இருக்கேன்” என்றேன்.